புயலுக்கு முன் நகர நிர்வாகம் எதை, எத்தனை மணிக்கு முடிவு செய்ய வேண்டும்?

கரையோரன் எழுதியது:

வணக்கம். புயல் கரையைக் கடந்த மறுநாள் எந்த நகரத்திலும் எழும் குற்றச்சாட்டுகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன. வடிகாலைத் தூர்வாரவில்லை, மோட்டார் போதவில்லை, தொலைபேசியை எடுக்க ஆளில்லை என்பார்கள். அடுத்த ஆண்டு மோட்டார்களின் எண்ணிக்கையைக் கூட்டி, அவற்றை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து வெளியிடுவார்கள். எனக்கு நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு. நகர நிர்வாகங்கள் தோற்பது கருவி இல்லாமலா, முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் முடிவெடுக்காமலா?

2005ஆம் ஆண்டு கத்ரீனா புயல் ஆகஸ்ட் 29 காலையில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் பகுதியைத் தாக்கியது. மேயர் ரே நேகின் கட்டாய வெளியேற்ற உத்தரவைப் பிறப்பித்தது ஆகஸ்ட் 28 காலையில்தான். சொந்த வாகனம் இல்லாத பல்லாயிரம் பேர் நகருக்குள்ளேயே தங்கிவிட்டார்கள். வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து நகரத்தின் 80 விழுக்காடு மூழ்கியபோது, அவர்களை ஏற்றிச் சென்றிருக்கக்கூடிய பள்ளிப் பேருந்துகள் நிறுத்துமிடத்திலேயே வரிசை கலையாமல் நீருக்குள் நின்ற படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பேருந்து இருந்தது, அதை யார், எப்போது எடுப்பது என்பதில்தான் கோட்டை விட்டார்கள்.

ஒடிசாவில் 1999 அக்டோபர் 29 அன்று வீசிய பெரும்புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். அதே கரையை 2013 அக்டோபரில் பைலின் புயல் நெருங்கியபோது ஏறத்தாழ 10 லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள்; உயிரிழப்பு ஐம்பதுக்குள் நின்றது. அது மாநில அரசின் ஏற்பாடு, நகரத்தினுடையது அன்று என்பதை அறிவேன். ஆனாலும் இடையில் மாறியது என்ன என்பதை இத்துறையில் இருந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

பழைய பொறியாளர் எழுதியது:

மழைநீர் வடிகால் பணியில் இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் ஐயம் சரியானதே. ஆனால் அதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். முடிவு எடுக்க வேண்டிய நேரம் என்று ஒன்றே ஒன்று கிடையாது. கரையைக் கடக்கும் நேரத்தை வைத்துக்கொண்டு நாங்கள் பின்னோக்கி எண்ணுவோம். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. புயல் கரையைக் கடக்கும் நேரம் வானிலை மையத்துக்குத்தான் முக்கியம். எங்களுக்கு முக்கியமானது, ஏணியில் ஏற முடியாத அளவுக்குக் காற்று வலுக்கும் நேரம். அது பல மணி நேரம் முன்னதாகவே வந்துவிடும். விளம்பரப் பலகையைக் கழற்றுவது, கட்டுமானத் தளங்களின் கிரேன்களைப் பாதுகாப்பது, கடைசிப் பேருந்தை அனுப்புவது எல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும். ஆகவே தொலைக்காட்சியில் “நாளை நள்ளிரவு கரையைக் கடக்கும்” என்று சொன்னால், எங்களிடம் இருப்பது நாளை நண்பகல் வரைதான்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை எச்சரிக்கையைப் படிப்படியாகத் தருகிறது: 72 மணி நேரத்துக்கு முன் கண்காணிப்பு அறிவிப்பு, 48 மணி நேரத்துக்கு முன் அடுத்த நிலை, 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கை, 12 மணி நேரத்துக்கு முன், புயல் கரையைக் கடந்த பிறகு இருக்கும் நிலைமை பற்றிய கணிப்பு. தேறும் நிர்வாகம், இந்த ஒவ்வொரு படியோடும் ஒரு வேலையையும், அதைச் செய்ய வேண்டிய பதவியையும் கோடைக்காலத்திலேயே எழுதி வைத்திருக்கும். தேறாத நிர்வாகம், எச்சரிக்கை வந்த பிறகு ஆய்வுக் கூட்டம் கூட்டும்.

2012ஆம் ஆண்டு சாண்டி புயல் அக்டோபர் 29 இரவில் கரையேறியது. நியூயார்க்கின் சுரங்க ரயில் சேவையை அதற்கு முந்தைய நாள் மாலையிலேயே நிறுத்தி, ரயில் பெட்டிகளை மேடான இடங்களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அத்தனை பெரிய அமைப்பை மூடுவதற்கே பல மணி நேரம் பிடிக்கும் என்பதால், வானம் இன்னும் அமைதியாக இருந்தபோது எடுத்த முடிவு அது. சுரங்கங்களில் கடல்நீர் புகுந்ததை அவர்களால் தடுக்க முடியவில்லை. ஆனால் பெட்டிகள் பிழைத்ததால் நவம்பர் 1 அன்றே சேவையை ஓரளவு தொடங்க முடிந்தது.

எதிர்க்காற்று எழுதியது:

முன்கூட்டியே முடிவெடுத்தால் எல்லாம் நலம் என்ற தொனி எனக்கு ஏற்புடையதாக இல்லை. கத்ரீனாவுக்குச் சில வாரங்கள் கழித்து, அதே 2005 செப்டம்பரில், ரீட்டா புயல் டெக்சாஸ் கரையை நோக்கி வந்தது. கத்ரீனாவைக் கண்டு மிரண்டிருந்த ஹூஸ்டன் பகுதி மக்கள் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் சாலைக்கு வந்துவிட்டார்கள். கடும் வெயிலில், எரிபொருள் தீர்ந்து, நெடுஞ்சாலைகளில் வாகனங்கள் மணிக்கணக்கில் அசையாமல் நின்றன. முதியோர் இல்லத்திலிருந்து வெளியேறிய ஒரு பேருந்து தீப்பற்றியதில் 23 பேர் இறந்தனர். அந்த வெளியேற்றத்தில் மாண்டவர்கள், புயலின் காற்றிலும் நீரிலும் மாண்டவர்களைவிடப் பன்மடங்கு அதிகம்.

2017இல் ஹார்வி புயல் வந்தபோது ஹூஸ்டன் மேயர் சில்வெஸ்டர் டர்னர் நகரத்தை ஒட்டுமொத்தமாகக் காலி செய்ய உத்தரவிடவில்லை. ரீட்டாவைத்தான் காரணம் காட்டினார். நகரம் வெள்ளக்காடானது, கூரைகளில் ஏறி நின்றவர்களைப் பொதுமக்களின் படகுகள் மீட்டன. அவரை இன்றும் திட்டுகிறவர்கள் உண்டு. அத்தனை லட்சம் பேரும் சாலையில் நிற்கும்போது அந்த மழை பெய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பவர்களும் உண்டு. நான் இரண்டாம் கட்சி.

பழைய பொறியாளர் ஐயா சொல்லும் அட்டவணையில், எச்சரிக்கை பொய்த்துப்போகும் நாளுக்கு என்ன இடம்? இரண்டு முறை வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்த் திரும்பியவர் மூன்றாம் முறை அசைய மாட்டார்.

மழைக்கணக்கு எழுதியது:

ரீட்டாவும் ஹார்வியும் நல்ல எடுத்துக்காட்டுகள்தாம். ஆனால் அவற்றிலிருந்து பெற வேண்டிய பாடம் “போகச் சொல்லாதே” என்பதன்று என்று நினைக்கிறேன். யாரைப் போகச் சொல்வது என்பதுதான் கேள்வி. புயல் மூன்று வழிகளில் தாக்குகிறது: காற்று, மழைவெள்ளம், கடலேற்றம். காற்றுக்கு உறுதியான கட்டடத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் போதும். கடல் ஏறி வரும் தாழ்நிலத்தில் இருப்பவருக்கு எவ்வளவு உறுதியான கட்டடமும் தரைத்தளத்தில் உதவாது. அவர் வெளியேறியே ஆக வேண்டும். இந்த இரண்டு பேருக்கும் ஒரே அறிவிப்பைக் கொடுக்கும்போதுதான் சாலை அடைபடுகிறது. நியூயார்க் நகரம் சாண்டி வரை மூன்று வெளியேற்ற மண்டலங்களை வைத்திருந்தது. அடுத்த ஆண்டே அதை ஆறாகப் பிரித்தது. ஒவ்வொரு புயலுக்கும் எத்தனை மண்டலம் போக வேண்டுமோ அத்தனையை மட்டும் அழைக்கலாம் என்பதே அதன் பொருள். பொய்த்துப்போகும் எச்சரிக்கையின் சுமையும் அந்த அளவுக்குக் குறைகிறது.

அறிவிப்பின் சொல்லும் முக்கியம். 2013 நவம்பர் 8 அன்று ஹையான் புயல் பிலிப்பைன்ஸின் டாக்லோபன் நகரைத் தாக்கியது. எச்சரிக்கை முன்னரே போயிருந்தது. ஆனால் அதில் இருந்த ‘புயல் எழுச்சி’ (நான் மேலே சொன்ன கடலேற்றம்) என்பதற்கான ஆங்கிலத் தொழில்நுட்பச் சொல் பலருக்குப் புரியவில்லை. ஆழிப்பேரலை என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று பிழைத்தவர்கள் பின்னர் சொன்னார்கள். முகாமாக அறிவிக்கப்பட்ட கடலோர அரங்கத்திலேயே நீர் புகுந்து பலர் இறந்தனர். காற்றை மனத்தில் வைத்துத் தேர்ந்த முகாம் அது, வந்ததோ நீர். நகர நிர்வாகம் தன் முகாம்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றின் தரைமட்டம் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று ஒரு கட்டம் சேர்த்தாலே பாதிப் பட்டியல் அடிபட்டுப் போகலாம்.

மோட்டார்களைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஒரு சதுர கிலோமீட்டரில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 10 கோடி லிட்டர். நிமிடத்துக்கு 1,000 லிட்டர் இறைக்கும் மோட்டார் ஒன்று இடைவிடாமல் ஓடினால் அதை இறைத்து முடிக்க ஏறத்தாழ 69 நாள் ஆகும். நூறு மோட்டார் வைத்தாலும் முக்கால் நாள், அதுவும் ஒரு சதுர கிலோமீட்டருக்கு மட்டும், இறைத்த நீரைக் கொட்ட ஓர் இடமும் இருந்தால். வரிசையாக நிறுத்திய மோட்டார்களின் படத்தை அடுத்த முறை பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். சுரங்கப்பாதைக்கும் மருத்துவமனை வளாகத்துக்கும் மோட்டார் வேண்டும். ஊரை வடிப்பது நிலத்தின் சாய்வும் கால்வாயும்தான்.

பழைய பொறியாளர் எழுதியது:

மழைக்கணக்கு நண்பர் சொன்ன கடைசி வரியை இன்னும் கொஞ்சம் நீட்டுகிறேன். கடலேற்றமும் கனமழையும் ஒரே இரவில் வரும்போது வடிகால் பின்னோக்கி வேலை செய்யும். கடல்மட்டம் வடிகால் வாயைவிட உயர்ந்துவிட்டால், நகரத்தின் நீர் வெளியேறாது. கடல்தான் தெருவுக்குள் வரும். அதைத் தடுக்க வடிகால் வாயில் ஷட்டர், அதாவது ஏற்றி இறக்கும் கதவு, வைத்திருப்பார்கள். ஷட்டரை இறக்கினால் கடல் வராது, ஆனால் மழைநீரும் போகாது. அப்போது நீரை எந்திரத்தால் இறைத்து வெளியேற்றும் இறைவை நிலையம் ஓடியாக வேண்டும். ஆகவே எந்த நீர்மட்டத்தில் ஷட்டரை இறக்குவது, எப்போது மறுபடி ஏற்றுவது என்பதை அலையேற்ற நேரத்தோடு சேர்த்து முன்னரே எழுதி வைக்க வேண்டும்.

நான் பணியில் இருந்த ஒரு நகரத்தில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். புயலுக்கு முந்தைய மாலை ஷட்டரை இறக்கப் போனோம். திருகுத்தண்டு துருப்பிடித்துக் கிடந்தது. கைச்சக்கரத்தில் கடப்பாரையைச் செருகி இரண்டு பேர் தொங்கியும் அரைச் சுற்றுக்குமேல் அசையவில்லை. பராமரிப்புப் பதிவேட்டில் அந்த ஷட்டருக்கு மாதந்தோறும் ‘மசகு இடப்பட்டது’ என்ற பதிவும் கையொப்பமும் ஒழுங்காக இருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி, தட்டித் தட்டி, இருட்டிய பிறகு ஒருவழியாக இறக்கினோம். அதன்பின் இறைவை நிலையத்துக்கு ஓடினால் அறை பூட்டியிருந்தது. சாவி ஒப்பந்ததாரரின் ஆளிடம் இருந்தது. அவர் வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடையே இருந்த பாலத்தின்மீது ஏற்கெனவே தண்ணீர். பூட்டை உடைத்தோம். உள்ளே எந்திரம் நல்ல நிலையில் இருந்தது. டீசல் தொட்டியில் ஒரு சாண் அளவுக்கு எரிபொருள் இருந்தது. அன்றிரவு அந்தப் பகுதியில் இடுப்பளவு நீர் நின்றது. விசாரணை அறிக்கையில் காரணம் ‘எதிர்பாராத கனமழை’ என்று எழுதினார்கள். அதில் என் கையொப்பமும் இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

சாண்டியின்போது நியூயார்க்கின் பெல்வியூ பொது மருத்துவமனையிலும் இதற்கு உறவான ஒரு கதை நடந்தது. வெள்ளத்துக்கு அஞ்சி ஜெனரேட்டர்களைப் 13ஆம் மாடியில் வைத்திருந்தார்கள். எரிபொருளை மேலேற்றும் பம்புகள் அடித்தளத்திலேயே இருந்தன. அடித்தளம் மூழ்கியதும் ஊழியர்கள் படிக்கட்டில் வரிசையாக நின்று எரிபொருளைக் கைமாற்றி மேலே கொண்டுபோனார்கள். பிறகு நோயாளிகள் எல்லோரையும் வேறிடங்களுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு தொடரில் எந்தக் கண்ணி தாழ்வாக இருக்கிறதோ, அதுதான் அந்தக் கட்டடத்தின் உயரம்.

நள்ளிரவுப் பணி எழுதியது:

இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். ஒரு மாநகரின் கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி எடுக்கும் பணியில் இருந்தவள் நான். பொறியாளர்கள் ஷட்டரைப் பற்றிப் பேசும்போது எனக்கு நினைவுக்கு வருவது படிக்கட்டு.

அழைப்பவர்களிடம் “தண்ணீர் எவ்வளவு உயரம்?” என்று கேட்டால் “நிறைய” என்பார்கள். அதனால் பயன் இல்லை. ஒரு மூதாட்டி மட்டும், “வாசற்படி ஏழு, இரண்டாவது படியில் தண்ணீர் நிற்கிறது” என்றார். நாற்பது நிமிடம் கழித்து மறுபடி அழைத்து, “நான்காவது படி” என்றார். அன்றிரவு எங்களிடம் இருந்த மிகத் துல்லியமான நீர்மட்ட அளவீடு அதுதான். அதன்பின் நாங்கள் எல்லோரிடமும் படிகளையே கேட்டோம். பதிவேட்டில் அதற்கென ஒரு பத்தி போட்டோம். எந்தத் தெருவுக்குப் படகு முதலில் போக வேண்டும் என்பதை அந்தப் பத்தியைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள்.

அழைப்பை எடுக்க ஆளில்லை என்று கரையோரன் எழுதியிருக்கிறார். உண்மையில் எடுக்க ஆள் இருந்தார்கள். எடுத்ததை அனுப்ப வழி இல்லை. ஒரே வீட்டைப் பற்றி உறவினர்கள் ஐந்து ஊர்களிலிருந்து அழைப்பார்கள். ஐந்து பதிவுகள் ஆகும். மீட்கப்பட்டவர், தான் மீட்கப்பட்டதை எங்களுக்குத் திரும்பச் சொல்ல மாட்டார். படகு காலி வீட்டுக்குப் போய்த் திரும்பும். இதைவிடக் கொடுமையானது, மூச்சுக்கருவியில் இருப்பவர், டயாலிசிஸ் நோயாளி, படுத்த படுக்கையாக இருப்பவர், நிறைமாதக் கர்ப்பிணி ஆகியோரின் இருப்பிடத்தைப் புயல் இரவில் முதல்முறையாகத் தெரிந்துகொள்வது. மின்சாரம் போய் மூன்று மணி நேரத்துக்குப் பிறகு “அப்பாவின் ஆக்சிஜன் எந்திரம் நின்றுவிட்டது” என்று ஒருவர் சொல்லும்போது, இந்தப் பக்கம் இருப்பவருக்கு எழுதிக்கொள்வதைத் தவிர வேறு வேலை இல்லை. அந்தப் பட்டியல் பகுதிச் செவிலியரிடம் ஏற்கெனவே இருந்தது. எங்கள் அறைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

எதிர்க்காற்று எழுதியது:

நள்ளிரவுப் பணி அம்மா எழுதியதைப் படித்தபின் என் வாதத்தை வேறு பக்கம் திருப்புகிறேன். நாம் எல்லோரும் புயல் இரவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். 2017 செப்டம்பரில் மரியா புயல் அமெரிக்க ஆட்சிப்பகுதியான புவேர்ட்டோ ரிக்கோ தீவைத் தாக்கியது. அரசு நெடுநாள் சொல்லிவந்த இறப்பு எண்ணிக்கை 64. மறு ஆண்டு ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வுக்குப் பிறகு அதை 2,975 என்று அரசே ஏற்றது. பெரும்பான்மையானவர்கள் காற்றிலோ நீரிலோ இறக்கவில்லை. மின்சாரம் இல்லாத மாதங்களில், மருந்தும் சிகிச்சையும் எட்டாமல் இறந்தார்கள். இறப்பை எப்படி எண்ணுவது என்பதுகூடப் புயலுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய விஷயம். பின்னால் எண்ணினால் ஆளுக்கொரு கணக்கு வரும்.

ஹாங்காங் இதில் கெட்டிக்கார நகரம். 8ஆம் எண் புயல் எச்சரிக்கைச் சமிக்ஞை ஏறினால் பள்ளியும் அலுவலகமும் மூடப்படும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். யாரும் தனியாக அறிவிக்க வேண்டியதில்லை. 2018 செப்டம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை, மாங்குட் புயலுக்கு, உச்ச எச்சரிக்கையான 10ஆம் எண்ணை ஏற்றினார்கள். நகரத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. சறுக்கியது மறுநாள்தான். சமிக்ஞை இறங்கிவிட்டதால் திங்கட்கிழமை எல்லோரும் வேலைக்குக் கிளம்பினார்கள். சாலைகளிலோ பல்லாயிரம் மரங்கள் விழுந்து கிடந்தன, பேருந்துகள் ஓடவில்லை, ரயில் நிலையங்கள் பிதுங்கின. அதன்பிறகுதான், சமிக்ஞை இறங்கினாலும் நிலைமை சீரடையும்வரை ஊழியர்கள் இருக்குமிடத்திலேயே இருக்கலாம் என்று ‘கடும் நிலை’ அறிவிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். தொடங்குவதற்கு விதி எழுதியவர்கள், முடிப்பதற்கு விதி எழுத மறந்திருந்தார்கள்.

மணல்மூட்டை எழுதியது:

சுருக்கமாக இரண்டு. மரம் அறுக்கும் எந்திரம் வாங்கும் நகரங்கள், அதை இயக்கத் தெரிந்தவர்களையும் உதிரிச் சங்கிலிகளையும் கணக்கில் சேர்ப்பதில்லை. விழுந்த மரத்தின்மேல் மின்கம்பி கிடந்தால் மின்வாரியத்தின் ஆள் இணைப்பைத் துண்டித்து உறுதி செய்யும்வரை மரக்குழு கைகட்டி நிற்க வேண்டும். இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பினால் ஒரு நாள் வேலை அரை நாளில் முடியும். இரண்டாவது, வீட்டுக்குள் ஜெனரேட்டர் ஓட்டி நச்சுப்புகையில் இறப்பவர்கள் புயல்தோறும் இருக்கிறார்கள். ஜெனரேட்டரை வெளியே, சன்னலிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லும் ஒரு குறுஞ்செய்திக்கு அதிகச் செலவு இல்லை.

கரையோரன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நான் கேட்டது கருவியா நேரமா என்று. நீங்கள் காட்டியது மூன்றாவது ஒன்று. சாவியும் பட்டியலும் யார் கையில் இருக்கின்றன என்பது. பல நகரங்களில் வடிகால் ஒரு துறையிடம், ஆறு இன்னொன்றிடம், மின்சாரம் வேறொன்றிடம், துறைமுகமும் கடற்கரையும் மற்றொன்றிடம் இருக்கின்றன. மேயரோ ஆணையரோ விரும்பினாலும் ஷட்டரை இறக்கச் சொல்ல முடியுமா?

1900 செப்டம்பர் 8 அன்று டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரத்தைப் புயல் அழித்தபோது குறைந்தது 6,000 பேர் இறந்தார்கள். பழைய நகர மன்றத்தால் சமாளிக்க முடியாது என்று ஆட்சிமுறையையே மாற்றி, ஒவ்வோர் ஆணையருக்கும் ஒரு துறை என்று பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தார்கள். பிறகு கடற்சுவர் கட்டினார்கள்; இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களைத் திருகு ஜாக்கிகளால் தூக்கி, அடியில் மணற்சேற்றை நிரப்பி நகரத்தின் தரையையே உயர்த்தினார்கள். அந்த அளவுக்கு அழிந்த பிறகுதான் பொறுப்பைப் பிரிக்க முடியுமா?

பழைய பொறியாளர் எழுதியது:

அழிய வேண்டியதில்லை, ஆனால் அதிகாரத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். எங்கள் அனுபவத்தில் இரண்டு வரி போதுமானதாக இருந்தது: “நீர்மட்டம் குறியிட்ட கோட்டைத் தொட்டால், நிலையத்தில் இருக்கும் மூத்த பணியாளர் எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் ஷட்டரை இறக்கலாம். பின்னர் விளக்கம் கேட்கப்பட மாட்டாது.” இரண்டாவது வரிதான் வேலை செய்தது. அதற்கு முன் எல்லோரும் மேலிடத்துக்குத் தொலைபேசியில் காத்திருந்தார்கள். கைபேசிக் கோபுரம் விழுந்தால் அந்தத் தொலைபேசியும் இல்லை.

மேலிருந்து கீழே அதிகாரம் இறங்கும் இடத்தில்தான் வங்கதேசம் வென்றது. 1970 நவம்பரில் போலா புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேரை இழந்த கரை அது. அதன்பின் செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து புயல் ஆயத்தத் திட்டத்தைத் தொடங்கினார்கள். இன்று அதில் 70,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். எச்சரிக்கைக் கொடியேற்றுவதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் வீடு வீடாகப் போய் முதியவரைக் கைத்தாங்கலாக அழைத்து வருவதும் அதே தெருக்காரர். நள்ளிரவுப் பணி சொன்ன பட்டியல் அவர்கள் மனப்பாடம்.

நள்ளிரவுப் பணி எழுதியது:

ஐயா, ஒரே ஒரு கேள்வி. அந்த இறைவை நிலையத்தின் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது?

பழைய பொறியாளர் எழுதியது:

நான் ஓய்வு பெறும்போது மூன்று சாவிகள் இருந்தன. ஒன்று மண்டல அலுவலகத்தில், ஒன்று ஒப்பந்ததாரரிடம். மூன்றாவதை நிலையத்துக்கு எதிர்வீட்டில் குடியிருந்த தூய்மைப் பணியாளர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தோம். எந்திரத்தை முடுக்கவும் கற்றுக்கொடுத்தோம். அடுத்து வந்த புயலில் நாங்கள் போய்ச் சேருவதற்கு முன்பே எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. டீசல் தொட்டியின் அளவுகோலில் முந்தைய வாரத் தேதிகளைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்து வைத்திருந்தார். அதை நாங்கள் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.